காற்றுக்கு மாவட்ட எல்லை தெரியாது



காஞ்சிபுரத்திலிருந்து கல்பாக்கம் நேர்க்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். நம்ம பாலாறு காஞ்சியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போய், கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. தண்ணீர் இங்கிருந்து அங்கே போகிறது. பிற்பகலில் கடற்காற்று அங்கிருந்து இங்கே வருகிறது.

அணு உலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு நான் இப்போது வரவில்லை. 1984-லும் 1986-லும் வணிக மின் உற்பத்தியைத் தொடங்கிய இரண்டு உலைகள் அங்கே இருக்கின்றன. 2024 மார்ச்சில் உலை மையத்தை நிரப்பும் பணி தொடங்கிய 500 மெகாவாட் ஈனுலையும் இருக்கிறது. ஏதாவது ஆகிவிட்டால் நமக்கு யார் சொல்வார்கள்? கறந்த பாலை என்ன செய்வது? அதற்கான திட்டத்தை யார் சரிபார்க்கிறார்கள்? என் கேள்வி இவ்வளவுதான்.

திட்டம் என்று ஒன்று இருக்கிறது. உலையைச் சுற்றி 1.6 கிலோமீட்டருக்குள் குடியிருப்பு கூடாது. 5 கிலோமீட்டர் வரை மக்கள்தொகை பெருகாமல் கட்டுப்படுத்த வேண்டும். 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்ட வளையம். மாமல்லபுரமும் திருக்கழுக்குன்றமும் இந்த வளையத்துக்குள் வருகின்றன. செங்கல்பட்டு நகரம் வெளியே. வளாகத்துக்குள் விபத்து என்றால் நிலைய இயக்குநர் பொறுப்பு. பாதிப்பு வேலி தாண்டினால் மாவட்ட கலெக்டர் பொறுப்பு. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை அந்தப் பொறுப்பு நம்ம காஞ்சிபுரம் கலெக்டர் கையில்தான் இருந்தது. வெளிப்பகுதி ஒத்திகையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்பது விதி.

சரி, இதைக் கண்காணிப்பது யார்? 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அது அறிக்கை கொடுப்பது அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளர். உலைகளை நடத்தும் கழகமும் அதே துறையின் கீழ்தான். வங்கிக்காரன் கண்ணுக்கு இது உடனே உறுத்தும். கிளையைத் தணிக்கை செய்ய வருகிறவர் அந்தக் கிளை மேலாளரிடமே சம்பளம் வாங்கினால் ரிப்போர்ட் எப்படி இருக்கும்?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-ல் கொடுத்த அறிக்கையே வாரியத்துக்குப் போதிய சுதந்திரமும் அதிகாரமும் இல்லை என்று சொன்னது. வெளிப்பகுதி ஒத்திகைகளில் ஆயத்தக் குறைவு தெரிந்ததையும், திருத்தச் சொல்லும் வாரியத்துக்கு அதை நிறைவேற்ற வைக்கும் அதிகாரம் இல்லாததையும் எடுத்துக்காட்டியது. தன்னாட்சி அமைப்புக்காக 2011-ல் வந்த மசோதா 2014-ல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தர வழி செய்கிறது. நல்லதுதான். ஆனால் வங்கியில் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் சொன்ன ஒவ்வொரு குறையையும் சரிசெய்து, ஆதாரம் அனுப்பும் வரை ஃபைலை மூட மாட்டார்கள். ஒத்திகையில் கண்ட குறைகளுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். அது ஊராட்சி அலுவலகப் பலகை வரை வர வேண்டும்.

'நாம 60 கிலோமீட்டர் தள்ளித்தானே இருக்கோம்' என்று கேட்கலாம். 1957-ல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தபோது சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலைக் கொட்டினார்கள். காரணம் எளிது. கதிரியக்க அயோடின் புல்லில் படியும், புல்லை மாடு மேயும், பாலில் இறங்கும், குழந்தையின் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். 1986-ல் செர்னோபிலுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வந்த தைராய்டு புற்றுநோய்க்கு முக்கிய வழி இந்தப் பால்தான்.

2011-ல் ஃபுகுஷிமாவில் முதலில் 3 கிலோமீட்டர் என்றார்கள், பிறகு 10, பிறகு 20. பெரும்பகுதி 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஈட்டாத்தே கிராமத்தையும் கடைசியில் காலி செய்யச் சொன்னார்கள். காற்றும் மழையும் அந்தப் பக்கம் போயிருந்தன. வயலில் திறந்தவெளியில் கிடந்த வைக்கோலைத் தின்ற மாடுகளின் இறைச்சியில் ஜூலை மாதம் சீசியம் கண்டுபிடிக்கப்பட்டது. சீசியம் பாதியாகக் குறைய 30 ஆண்டு ஆகும். ரசாயனம் தொடாமல் பத்து வருஷம் பாடுபட்டு உயிரூட்டிய மண்ணை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். 16 கிலோமீட்டர் வளையத்தில் இருப்பவர்களை வெளியேற்றினால் அவர்கள் மேற்கே நம்ம பக்கம்தான் வர வேண்டும். கிழக்கே கடல். 2019-ல் அத்திவரதர் தரிசனத்துக்கு 48 நாளில் ஒரு கோடிப் பேருக்கு மேல் காஞ்சிக்கு வந்தார்கள். எந்தப் பக்கம் பஸ் நிற்கும், எந்தக் கோபுரம் வழியே உள்ளே போகணும் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்திருந்தும் நெரிசலில் உயிர்கள் போயின. யாருக்கும் தெரியாத திட்டம் என்ன பாடுபடும்?

நாம் செய்யக்கூடியவை இருக்கின்றன. வைக்கோல் போரைத் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள், மழைக்கும் நல்லது. சில நாளுக்கான தீவனம் கூரைக்குள் எப்போதும் இருக்கட்டும். எச்சரிக்கை வந்தால் மாட்டைக் கொட்டகைக்குள் கட்டி, சேமித்த தீவனம் மட்டும் போடுங்கள். கிணற்றையும் தொட்டியையும் மூடுங்கள். கீரை பறிக்காதீர்கள். அயோடின் மாத்திரையை அரசு சொல்லும்போது மட்டும் போட வேண்டும். அது தைராய்டை மட்டுமே காக்கும். அயோடின் உப்பு அதற்கு மாற்று ஆகாது.

அடுத்தது கேள்வி கேட்பது. பத்து ரூபாய் கட்டணத்தில் செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு ஆர்டிஐ மனு போடுங்கள். கடைசி ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது? அதில் கண்ட குறைகள் என்ன, எவை சரியாயின? அயோடின் மாத்திரை எங்கே, எத்தனை இருப்பு? கால்நடைக்கும் பாலுக்கும் என்ன ஏற்பாடு? 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வந்ததும் கிராமசபையில் உரக்கப் படியுங்கள். வராவிட்டால், வரவில்லை என்பதைத் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.