உங்களுக்குத் தெரியுமா? நடை பழக்கும் குதிரை

பிள்ளைக்கு உடம்பு தேறினால் அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைப்பதாக நேர்ந்துகொள்வது திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து வழக்கம். நிஜக் குதிரையை வைத்தே சிகிச்சை தருவதும் உண்டு. குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு, நாம் நடக்கையில் அசைவதுபோலவே அசைகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் உடலை நிமிர்த்திச் சமநிலை பழக அது உதவும். தனியே ஏற்றிவிடமாட்டார்கள், ஒருவர் கயிற்றைப் பிடிக்க, இருபுறமும் ஆட்கள் கூடவே நடப்பார்கள். பெரும்பாலும் தன்னார்வலர்கள். (குதிரையேற்றம் தெரிய வேண்டியதில்லை, சலிக்காமல் நடக்கத் தெரிந்தால் போதும்!) இந்தச் சிகிச்சையை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்டல். 1944இல் போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். பிறர் ஏற்றிவிட, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். குதிரையின் பெயர் ஜூபிலி.