கோண்டி மொழியில் ஒலிமாற்றமும் எழுத்துக்கூட்டலும்

1. முன்னுரை

எழுத்து வழக்கு நிலைபெறாத ஒரு மொழியை எழுத முற்படும்போது இரு வினாக்கள் எழுகின்றன. எவ்வரிவடிவத்தால் எழுதுவது என்பது ஒன்று. எவ்வட்டாரத்தாரின் ஒலிப்பை எழுதுவது என்பது மற்றொன்று. இவற்றுள் பின்னதே கடினமானது என்பதைக் கோண்டி மொழியின் வாயிலாக விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கோண்டி மொழி

கோண்டி, தெலுங்கு, குயி, குவி முதலியவற்றோடு தென்-நடுத் திராவிடப் பிரிவைச் சார்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இதனைப் பேசுவோர் ஏறத்தாழ 29.8 லட்சம் பேர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், தெலங்கானா முதலிய மாநிலங்களில் இவர்கள் பரவி வாழ்கின்றனர். ஆதலின் ஒரே மொழி ஓரிடத்தில் தேவநாகரியிலும் மற்றோரிடத்தில் தெலுங்கு எழுத்திலும் எழுதப்படுகிறது.

கோண்டிக்கெனத் தனி வரிவடிவங்களும் உண்டு. 1918-இல் முன்ஷி மங்கள் சிங் மசராம் ஒன்றை உருவாக்கினார். ஆதிலாபாத் மாவட்டத்துக் குஞ்சாலா என்னும் ஊரில் கிடைத்த சுவடிகளில் மற்றொன்று காணப்படுகிறது. ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அச்சுவடிகளை ஆராய்ந்தனர். மசராம் எழுத்து 2017-இலும் குஞ்சாலா எழுத்து 2018-இலும் ஒருங்குறியில் இடம்பெற்றன. எனினும் வரிவடிவம் கிடைத்துவிட்டதனால் எழுத்துக்கூட்டல் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

3. ஸ், ஹ், இன்மை

தொல்திராவிடத்தில் சொல்லின் முதலில் நின்ற சகரம் கோண்டியில் ஸகரமாயிற்று. அது சில வட்டாரங்களில் ஹகரமாகத் திரிந்து, வேறு சிலவற்றில் முற்றிலும் கெட்டது. பொதுவாக மேற்கிலும் வடக்கிலும் ஸகரம் நிலைத்துள்ளது. தென்கிழக்கில் அது மறைந்துள்ளது. ‘உப்பு’ என்னும் பொருளுடைய சொல் ஸோவர், ஹோவர், ஓவர் என மூவகையாக ஒலிக்கிறது. ‘கொடு’ என்னும் வினையடி ஸீ, ஹீ, ஈ என வழங்குகிறது. ‘ஆறு’ என்னும் எண்ணுப்பெயர் ஸாருங், ஹாருங், ஆருங் என நிற்கிறது.

தமிழர்க்கு இச்சொற்கள் அயலானவை அல்ல. உவர், ஈ, ஆறு என்பன இவற்றின் இனச்சொற்களே. தமிழில் இவை தம் முதற்சகரத்தை வரலாற்றுக்கு முற்பட்ட காலத்திலேயே இழந்துவிட்டன. ஆனால் சா, செல், சொல் என்பன இழக்கவில்லை. தமிழில் முடிந்த விளைவாக மட்டுமே காணக்கூடிய இவ்வகை இழப்பைக் கோண்டியில் நிகழும் நிலையிலேயே காண முடிகிறது.

இதன் சிறப்பை உணர்ந்தவர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராகவும், 1986 முதல் 1993 வரை ஐதராபாத் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர் அவர். 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இம்மாற்றம் எல்லாச் சொற்களிலும் ஒருசேர நிகழாமல் சொல்சொல்லாகப் பரவுகிறது என்றும், அவ்வாறு பரவியே ஈற்றில் விதிவிலக்கற்ற மாற்றமாக முடியக்கூடும் என்றும் காட்டினார். ஒலிமாற்றம் விதிவிலக்கின்றி நிகழ்வது என்ற பழைய கொள்கைக்கும், சொல்வழிப் பரவுவது என்ற புதிய கொள்கைக்கும் இடையே இவ்வாய்வு ஒரு பாலமாயிற்று.

4. எழுத்துக்கூட்டல்

பொது எழுத்துக்கூட்டலில் மூன்று வடிவங்களுள் எதனைக் கொள்வது? மொழியியல் நோக்கில் ஸகர வடிவமே தக்கதாகத் தோன்றும். ஸகரம் எழுதப்பட்டிருப்பின், பிற வட்டாரத்தார் அதனை ஹகரமாகவோ ஒலியின்றியோ படித்துக்கொள்ளலாம். ஸகரத்தை விட்டு எழுதினால், எச்சொல்லில் அது இருந்தது என்பதை மீட்டறிய இயலாது.

ஆயினும் இதன் சுமை ஒரு சாராரையே சேரும். ஸகரத்தை இழந்த வழக்கினைப் பேசும் குழந்தைக்கு ‘ஆருங்’, ‘ஏடுங்’ (ஏழு) ஆகிய இரண்டும் உயிர்முதற் சொற்களே. முன்னதற்கு ஸகரம் எழுதவேண்டும், பின்னதற்கு எழுதலாகாது என்பதை அக்குழந்தை செவியால் அறிய முடியாது, மனப்பாடமே செய்யவேண்டும். ஒலிமாற்றம் சொல்சொல்லாகப் பரவியிருப்பதால், இடைநிலை வழக்கினருக்கும் ஒரே விதி உதவாது.

5. ஓர் ஒப்பீடு

சீனாவின் குய்சோ மாநிலம் முதலிய பகுதிகளில் பேசப்படும் காம் மொழியிலும் இத்தகைய நிலை உண்டு. கோண்டியில் இல்லாத சுரவேறுபாடு அம்மொழியில் பொருளை வேறுபடுத்துகிறது. 1958-இல் வகுக்கப்பட்ட உரோமன் எழுத்துமுறையில், அசையின் இறுதியில் எழுதப்படும் மெய்யெழுத்து ஒலிக்கப்படுவதில்லை. அது சுரத்தையே குறிக்கும். இம்முறை தென்வழக்கைச் சார்ந்த ரோங்ஜியாங் பேச்சினை அடிப்படையாகக் கொண்டது. ஆதலின் வடவழக்கினர் தம் பேச்சினின்று வேறுபட்ட எழுத்துக்கூட்டலைக் கற்க வேண்டியவராயினர்.

6. முடிவுரை

‘பளம்’ என்றும் ‘பயம்’ என்றும் ஒலிக்கும் தமிழர் அனைவரும் ‘பழம்’ என்றே எழுதுகின்றனர். நெடிய இலக்கிய மரபும் பள்ளிக் கல்வியும் அவ்வடிவத்தை எல்லோர்க்கும் பொதுவாக்கின. கோண்டிக்கு அத்தகைய துணை இன்னும் வாய்க்கவில்லை. எனவே தொடக்க வகுப்புகளில் குழந்தை தன் வட்டார ஒலிப்பிலேயே எழுதப் பழகி, மேல்வகுப்புகளில் பொது வடிவத்தை அறிந்துகொள்வதே பொருத்தமாகும். பொது அகராதிகளும் ஸோவர், ஹோவர், ஓவர் ஆகிய மூன்றையும் ஒரே பதிவின்கீழ்த் தருதல் வேண்டும். அவ்வாறு தருமிடத்து, ஒருவர் வழக்கு திருத்தமானது, மற்றவர் வழக்கு பிழையானது என்னும் எண்ணம் கற்போர் மனத்தில் எழாது.