நிலவில் இறங்கிய கருவி தெருவில் இறங்கக் கூடாதா?

“தந்தி!” — இந்த மூன்றெழுத்துச் சொல் காதில் விழுந்தால் குடும்பமே குலைநடுங்கிய காலம் ஒன்று இருந்தது. தந்திச் சேவகனின் சைக்கிள் மணி தெருமுனையில் ஒலித்ததும், உறையைப் பிரிக்குமுன்பே ஒப்பாரி கிளம்பிவிடும். பிரித்துப் படித்தால், பேரன் பிறந்திருக்கிறான் என்ற சேதி இருக்கும்! அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு சர்க்கரை வழங்குவார்கள்.

அந்தத் தந்தி 2013 ஜூலையில் இந்தியாவிடம் விடைபெற்றுக்கொண்டது. கண்ணீர் விட்டார் இல்லை. காரணம், தந்தி ஆபீசே இன்று சட்டைப் பைக்குள் குடியேறிவிட்டது. துபாயிலே சித்தாள் வேலை பார்க்கும் மகனின் முகத்தைத் தஞ்சையிலே அடுப்படியில் நின்றபடி தாய் காண்கிறாள். “இளைத்துவிட்டாயே, அப்பா!” என்று கலங்குகிறாள். தேநீர்க் கடையிலே சில்லறை கேட்டுச் சண்டையில்லை; ஒட்டிவைத்த கட்டத்தை நோக்கிக் கைப்பேசியை நீட்டினால், கல்லாவுக்குப் பக்கத்திலே இருக்கும் பெட்டி, இத்தனை ரூபாய் வந்தது என்று கூவுகிறது. 2016இல் தொடங்கிய இந்த யு.பி.ஐ. முறையில், 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2000 கோடி தடவைக்கு மேல் பணம் கை மாறியிருக்கிறது. ஒரே மாதத்தில்!

ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாச் செய்திக் கருவி இருக்கும் என்று 1940களில் ‘இனிவரும் உலகம்’ பற்றிப் பேசியபோது பெரியார் சொன்னார். கிழவருக்கு என்ன கனவு என்று கேலி பேசியோர் உண்டு. கேலி பேசியோரின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் கருவி கையில் இல்லாவிட்டால் சோறு உண்ண மறுக்கிறார்கள்!

ஆகவே, இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்திலே நாம் நேரம் செலவிடப் போவதில்லை. “அந்தக் காலத்திலே அம்மியிலே அரைத்தார்கள், ஆட்டுக்கல்லிலே ஆட்டினார்கள், ஆரோக்கியமாக இருந்தார்கள்” என்று பெருமூச்சு விடுகிறார்களே சிலர், அவர்களைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்கிறோம். அரைத்தது யார்? ஆட்டியது யார்? பெருமூச்சு விடும் பெரியவரா? இல்லை. விடியுமுன் எழுந்து, இடுப்பு ஒடிய, தோள்பட்டை வலிக்க, ஒரு கையால் குழவியைச் சுழற்றி மறு கையால் மாவைத் தள்ளியவள் அவர் வீட்டுப் பெண்! அவள் வலியின் மீது ஆரோக்கியம் கண்டவர் அவர். 1950களில் கோவைப் பட்டறைகளிலே பிறந்து, இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கும் மாவரைக்கும் இயந்திரம் செய்த சமூகத் தொண்டு சிறிதா? 2006க்குப் பிறகு வண்ணத் தொலைக்காட்சியும், 2011க்குப் பிறகு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் அரசாங்கத்தின் கையால் குடிசைக்குள் நுழைந்தபோது, “இலவசம்! இலவசம்!” என்று எள்ளி நகையாடினார்கள், எப்போதோ அவற்றை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டவர்கள். மாளிகையிலே சுழலும்போது அது நாகரிகம். மண்குடிசையிலே சுழன்றால் அது ஊதாரித்தனமாம்! என்னே நியாயம்!

இயந்திரத்தை நாம் வரவேற்கிறோம். வாசலில் கோலமிட்டு வரவேற்கிறோம். ஆனால் வருகிற விருந்தாளி யார் வீட்டுக்கு முதலில் போகிறான், யார் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறான் என்று கவனிப்பது நம் கடமை அல்லவா? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

சரித்திரத்தைச் சற்றே புரட்டுவோம். 1811, 1812 — இங்கிலாந்து. நாட்டிங்ஹாம் வட்டாரத்திலே காலுறை பின்னும் தொழிலாளர்கள் இரவோடு இரவாகக் கிளம்பிச் சென்று, சுத்தியல் கொண்டு தறிகளை நொறுக்கினார்கள். அவர்களுக்கு லட்டைட்டுகள் என்று பெயர். முட்டாள்கள், முன்னேற்றத்தின் விரோதிகள் என்று இன்றுவரை ஏசுகிறார்கள். அவர்கள் கோபம் இரும்பின் மீதா? இல்லை, கூலியைக் குறைத்துக் குழந்தைகளைப் பட்டினி போட்டவர்கள் மீது! எஜமானன் எட்டாத உயரத்தில் இருந்தான். எட்டிய இடத்தில் இயந்திரம் இருந்தது. அடி அதன் மீது விழுந்தது. ஆட்சியாளர் என்ன செய்தனர்? தறியை உடைத்தால் தலையை எடுப்போம் என்று 1812இல் சட்டம் போட்டனர். பிரபுக்கள் சபையிலே எழுந்து நின்று, அந்தச் சட்டத்தை எதிர்த்து, ஏழை நெசவாளிக்காக வாதாடினான் ஓர் இளைஞன். அந்தச் சபையிலே அதுதான் அவனுடைய கன்னிப் பேச்சு. அவன் பெயர் பைரன். ஆம், கவி பைரன்!

சுத்தியலால் இயந்திரம் அடங்கியதா? அடங்கவில்லை. தூக்குக் கயிற்றால் தொழிலாளி அடங்கினானா? அவனும் அடங்கவில்லை. பிறகு அடக்கியது எது? சட்டம்! ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பஞ்சாலையில் வேலைக்கு வைக்காதே என்று 1833இல் சட்டம் வந்தது. அது நடக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர்கள் வந்தனர். பெண்களையும் இளையோரையும் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வாட்டாதே என்று 1847இல் சட்டம் வந்தது. முதலாளிமார் மனம் இளகிக் கொடுத்தவையா இவை? கிளர்ச்சி கொடுத்தவை! கூட்டம் கூட்டிக் குரலெழுப்பியோர் பெற்றுத் தந்தவை!

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய தெருவைப் பாருங்கள். மழை கொட்டுகிறது. முதுகிலே பெட்டி, கையிலே கைப்பேசி, கண்ணிலே பதற்றம் — பறக்கிறான் ஓர் இளைஞன். பட்டம் படித்தவன். பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் போய்ச் சேரவேண்டும். அவனுக்கு மேஸ்திரி இல்லை, மேலாளர் இல்லை, கைப்பேசிதான் கட்டளையிடுகிறது. அது முறைப்பதில்லை, திட்டுவதில்லை; தாமதித்தால் மதிப்பெண்ணைக் குறைக்கிறது, அவ்வளவுதான்! நீ யாரப்பா என்று கேட்டால், கம்பெனியின் ‘பங்குதாரர்’ என்கிறார்கள். லாபத்திலே பங்கில்லை, விபத்திலே மட்டும் முழுப் பங்கு! இந்த வேடிக்கைக்கு விடை தேடி 2023இல் ராஜஸ்தான் தனிச் சட்டம் கண்டது. தமிழ்நாடும் இவர்களுக்காக நலவாரியம் அமைத்தது. வரவேற்கிறோம். வாரியம் பிறந்தது போதாது. வளரவும் வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறோம்.

ரேஷன் கடைக்கு வாருங்கள். விரலை வை என்கிறது கருவி. வைக்கிறாள் மூதாட்டி. நாற்பது ஆண்டு நாற்று நட்ட விரல். சாணி தட்டிய விரல். செங்கல் சுமந்து தேய்ந்த விரல். ரேகை எங்கே என்று கேட்கிறது கருவி! உழைத்துத் தேய்ந்த ரேகையை எங்கிருந்து கொண்டு வருவாள்? மெத்தையிலே சாய்ந்திருப்போரின் ரேகையெல்லாம் பளிச்சென்று பதிகிறது. பாடுபட்டவள் ரேகைதான் பதிய மறுக்கிறது. ரேகை சேரவில்லை என்பதற்காக உரிமையை மறுக்கக் கூடாது என்று 2018 ஆதார் தீர்ப்பிலே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரி, ஆனால் கடைவாசலில் நிற்பவளிடம் தீர்ப்பு நகல் இல்லையே! கருவி கைவிரித்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியை அளந்து போடு என்ற கட்டளை ஒவ்வொரு கடையின் கதவிலும் பெரிய எழுத்தில் தொங்கவேண்டும்.

இவற்றையெல்லாம் விடக் கொடியது ஒன்று உண்டு. எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது.

2023 ஆகஸ்டு 23. நாடே மகிழ்ந்து கூத்தாடிய நாள். நிலவின் தென்துருவத்துக்கு அருகே சந்திரயான்-3 மெல்ல இறங்கியது. திட்டத்தை இயக்கியவர் விழுப்புரம் தந்த வீரமுத்துவேல். சந்திரயான்-1இன் திட்ட இயக்குநராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடி தந்த மயில்சாமி அண்ணாதுரை. தமிழ்வழியில் படித்த கிராமத்துப் பிள்ளை நிலவைத் தொட்டான் என்று நாமும் தோள் தட்டினோம், இன்றும் தட்டுகிறோம். 26 கிலோ எடையுள்ள சிறு வண்டி நிலவிலே உருண்டது. மண்ணை ஆராய்ந்தது. இங்கே கந்தகம் இருக்கிறது என்று, ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சேதி சொன்னது. என்னே அறிவியல்! என்னே ஆற்றல்!

கந்தகம் என்றோமே, அந்தச் சொல்லைச் சற்றே நினைவில் வையுங்கள். இப்போது நிலவை விட்டுத் தெருவுக்கு இறங்குவோம். நம் காலடியிலே, பாதாளச் சாக்கடையிலே, மூடிக் கிடக்கும் கழிவுநீர்த் தொட்டியிலே ஒரு வாயு இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு என்பது அதன் பெயர். அதிலும் இருப்பது அதே கந்தகம்தான். முதலில் அழுகிய முட்டை நாற்றம் காட்டும். அளவு மிஞ்சினால் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தில்லை என்று உள்ளே இறங்குகிறான் தொழிலாளி. மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க அடுத்தவன் இறங்குகிறான், அவனும் விழுகிறான். மறுநாள் பத்திரிகையில் மூலையில் ஒரு செய்தி: ‘விஷவாயு தாக்கி இருவர் பலி.’ வாசிக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம்.

மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கந்தகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி உண்டு. மூன்றடி ஆழத்தில் இருக்கும் கந்தக வாயுவைக் கண்டுபிடிக்க மட்டும் மனிதனின் மூக்குத்தானா?

கருவி இல்லாமலா? இருக்கிறது! வாயுவை அளக்கும் கருவி கையடக்கமாகக் கிடைக்கிறது. அடைப்பை உறிஞ்சும் லாரி இருக்கிறது. 2018இல் திருவனந்தபுரத்திலே, கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய ‘பாண்டிகூட்’ என்ற இயந்திரம், மனிதனுக்குப் பதிலாகச் சாக்கடைக்குள் கையை விட்டுக் கசடை அள்ளியது. தமிழ்நாட்டிலும் சில நகரங்கள் அதை வாங்கியிருக்கின்றன. சட்டம் இல்லாமலா? அதுவும் இருக்கிறது! 1993இல் ஒரு சட்டம்; 2013இல் அதைவிடக் கடுமையான சட்டம். பாதுகாப்பின்றி ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே ஈராண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். தீர்ப்பு இல்லாமலா? இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முப்பது லட்சம் என்று 2023 அக்டோபரில் உயர்த்தியது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் மனிதனை இறக்குவதை நிறுத்து என்று 2025 ஜனவரியில் ஆணையிட்டது.

கருவி உண்டு, சட்டம் உண்டு, தீர்ப்பு உண்டு. பிறகு ஏன் சாகிறான்? இறங்குகிறவன் யார் என்று பாருங்கள், விடை கிடைக்கும். பஞ்சாங்கம் படிக்கும் குடும்பத்துப் பிள்ளை இறங்குகிறானா? பங்களாக்காரர் மகன் இறங்குகிறானா? தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவன்தான் இறங்குகிறான். அவன் உயிர் மலிவு என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறது சாதி. ஆள் கூலி சில நூறு. இயந்திரத்தின் விலை பல லட்சம். எது லாபம் என்று பார்க்கிறான் ஒப்பந்தக்காரன். மேன்ஹோல் என்று பெயர் வைத்தான் வெள்ளைக்காரன் — மனிதன் நுழையும் துளை! அவன் போய் 75 ஆண்டுகளுக்கு மேலாகியும் பெயருக்கேற்ப நடந்துகொண்டிருக்கிறோம் நாம். நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மரணக் கணக்குகளிலே தமிழ்நாட்டின் பெயர் முன்வரிசையில் இருப்பதைக் கண்டு நாம் வெட்கப்படவேண்டும். சமூக நீதியின் மண் என்று மார்தட்டும் நமக்கு இந்த வெட்கம் இரட்டிப்பாக இருக்கவேண்டும்.

நாளை என்ன வரும் என்று கேட்கிறார்கள். செயற்கை அறிவு வரும் என்கிறார்கள். வந்தே விட்டது! 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து இயந்திரம் எழுதுகிறது, வரைகிறது, வழக்கறிஞர்போல் வாதாடுகிறது. அந்த இயந்திரம் எழுத்தைப் படித்தே அறிவு பெறுகிறது. எந்த மொழியில் எழுத்து மிகுதியோ, அந்த மொழியில் அதன் நாக்கு சரளம். குறைவோ, அங்கே திக்குகிறது. 1991இலேயே யூனிகோடு அட்டவணையில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999இல் சென்னையில் மாநாடு கூட்டித் தமிழ் விசைப்பலகையை ஒழுங்கு செய்தோம். அன்று அந்த முயற்சி இல்லாதிருந்தால் இன்று கைப்பேசியிலே தமிழ் ஊமையாகியிருக்கும். நாளை வங்கியிலும் மருத்துவமனையிலும் இயந்திரமே பதில் சொல்லப் போகிறது. கிராமத்துத் தாய் தன் தமிழில் கேட்டால் அது தமிழில் விளங்கிக்கொள்ளவேண்டும். அதற்கான வேலை இன்றே நடக்கவேண்டும்.

எழுத்தர் வேலைக்கு இயந்திரம் ஓடோடி வருகிறது. ஓவியன் வேலைக்குப் போட்டி போட்டுக்கொண்டு வருகிறது. மனிதன் விரும்பிச் செய்யும் வேலையைப் பறிக்க அத்தனை ஆர்வம்! மனிதன் செய்யவே கூடாத வேலையை ஏற்க மட்டும் ஏன் இத்தனை தயக்கம்? இயந்திரத்துக்குத் தயக்கம் ஏது? அதை ஏவுகிறவனுக்கு! பணம் கூப்பிடும் இடத்துக்குப் போ என்று அதைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். நீதி கூப்பிடும் இடத்துக்கும் போ என்று பழக்கவேண்டியது மக்களாட்சி.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி எதுவாயினும், அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலே, மற்றச் செலவுக்கெல்லாம் முன்பாக, சாக்கடைக்கு இயந்திரம் வாங்கு! இதுவரை உள்ளே இறங்கியவனையே அந்த இயந்திரத்தின் ஓட்டுநராக்கு, உரிமையாளனாக்கு. வேலையைப் பறித்துவிட்டு விடுதலை என்று சொல்லாதே! ஆளை இறக்கிய ஒப்பந்தக்காரனை விலங்கிட்டு வழக்கு மன்றத்தில் நிறுத்து! வீட்டுக்காரர்களே, உங்கள் கழிவுநீர்த் தொட்டிக்கு ஆள் வருகிறான் என்றால் வாசலிலேயே நிறுத்துங்கள். வண்டி வரட்டும் என்று சொல்லுங்கள்! அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கும்.

அறிவியல் எவ்வளவு உயரம் ஏறியது என்று உலகம் நம்மைப் பார்த்துக் கேட்கும்போது, நிலவைக் காட்டுகிறோம். எவ்வளவு ஆழம் இறங்கி யாரைக் காப்பாற்றியது என்று நம் தெருவின் விதவை கேட்கும்போது எதைக் காட்டப் போகிறோம்?