நாணயம் விற்பதிலும் நாணயம் வேண்டும்! - பழைய காசு, ஸ்டாம்ப் விற்கப் போகிறவர்கள் கவனத்துக்கு...

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிக்கும்போது, பல வீடுகளில் ஒரு பழைய பவுடர் டப்பா கிடைக்கும். திறந்தால், ஓட்டைக் காலணா, தாமரை போட்ட 20 பைசா, அலுமினியத்தில் 3 பைசா, அடியில் கறுத்துப்போன ஒரு விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய். கூடவே, ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க ஒட்டிவைத்த ஸ்டாம்ப்புகள். தாத்தாவோ, அப்பாவோ ஆசை ஆசையாகச் சேர்த்தவை.

அடுத்த நிமிடமே வீட்டில் யாராவது ஒருவர் செல்போனை எடுத்துவிடுவார். ''இந்த மாதிரி ஒரு ரூபாய் லட்சக்கணக்கில் போகுதாம், வீடியோவுல பார்த்தேன்!''

அங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. விற்கிறவருக்குக் கையில் இருப்பது என்னவென்று தெரியாது. வாங்குகிறவருக்கு அது தெரியும். ஆனால், சொல்ல மாட்டார். இல்லையென்றால், தெரிந்த விற்பனையாளர், தெரியாத புதியவர் தலையில் போலியைக் கட்டிவிடுவார். நாணய சேகரிப்பாளர்களின் உலகம் மிகச் சிறியது. ஊருக்கு நாலு பேர், மாவட்டத்துக்கு நாற்பது பேர். ஒருமுறை பெயர் கெட்டால், அடுத்த முறை வெள்ளிக் காசைத் தங்க விலைக்குத் தந்தாலும் வாங்க மாட்டார்கள். அதனால்தான் இந்த உலகத்தில் விற்பதற்கும் வாங்குவதற்கும் எழுதப்படாத சில மரியாதைகள் உண்டு. புதிதாக நுழைகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

முதலில் புளியை எடுத்து உள்ளே வையுங்கள்!

பித்தளைக் குத்துவிளக்கு மாதிரிக் காசையும் புளி போட்டுத் தேய்ப்பது, விபூதியால் துலக்குவது, பல்பொடி போட்டுப் பளபளப்பாக்குவது... இதெல்லாம் நம் வீடுகளில் சகஜம். விற்கும் எண்ணம் இருந்தால் இதைச் செய்யவே கூடாது. காசின் மேல் பல வருடங்களாகப் படிந்திருக்கும் இயற்கையான நிறம்தான் அதன் வயதுக்குச் சாட்சி. தேய்த்தால் அந்த நிறம் போவதோடு, நுண்ணிய கீறல்களும் விழும். சேகரிப்பாளர் லென்ஸில் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார். மதிப்பு பெருமளவு குறைந்துவிடும்.

ஏற்கெனவே யாராவது தேய்த்திருந்தால்? அதை மறைக்காமல் 'சுத்தம் செய்யப்பட்ட காசு' என்று சொல்லிவிடுவதுதான் முறை. ஸ்டாம்ப்புக்கும் இதே விதிதான். பின்பக்கப் பசை மஞ்சளித்திருக்கிறதா, ஆல்பத்தில் ஒட்டியதற்கான தடம் இருக்கிறதா, ஓரத்துப் பல் ஒன்று உடைந்திருக்கிறதா... எல்லாவற்றையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் பசை ஒட்டிக்கொள்வது சாதாரணம். அதைச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டால்தான் கோபம் வரும்.

படம் எடுப்பதிலேயே நேர்மை தெரியும்

காசின் ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போடுவது முதல் தவறு. இரண்டு பக்கமும் வேண்டும். முடிந்தால் ஓரத்தையும் காட்டுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் எதுவும் போடாமல் எடுங்கள். இணையத்தில் கிடைத்த இன்னொரு காசின் படத்தைப் போட்டு, 'இதே மாதிரிதான் என்னிடம் இருக்கிறது' என்று சொல்வது ஏமாற்று வேலை என்றே கருதப்படும்.

ஆண்டு, எடை, அச்சடித்த இடம்... இந்த மூன்றையும் குறிப்பிட்டால் பாதிக் கேள்விகள் குறையும். சுதந்திர இந்தியக் காசுகளில் ஆண்டுக்குக் கீழே கூர்ந்து பாருங்கள். சின்ன வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டுக் காசுதான் என்றாலும், ஒரு ஆலையில் குறைவாக அச்சடித்திருந்தால் அதற்கு மவுசு அதிகம்.

பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாய் என்றால் எடை போடாமல் விற்காதீர்கள். விக்டோரியா, எட்டாம் எட்வர்டுக்கு முந்தைய மன்னர்கள் காலத்து ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம். நிறைய வித்தியாசம் இருந்தாலோ, காந்தத்தில் ஒட்டினாலோ, அது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். 1940-க்குப் பிறகு வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947-ம் ஆண்டு, புலி போட்ட ரூபாயில் வெள்ளியே கிடையாது, அது நிக்கல். இது தெரியாமல் 'சுத்த வெள்ளி' என்று விற்றால், தெரியாமல் செய்ததுகூடத் தெரிந்தே செய்ததாகத்தான் பேசப்படும்.

'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818' என்று போட்டு ராமர், அனுமன் உருவங்கள் பொறித்த காசுகளைப் பலர் பூஜையறையில்கூட வைத்திருக்கிறார்கள். அவை கம்பெனி வெளியிட்ட காசுகள் அல்ல, பிற்காலத்தில் யாரோ செய்த டோக்கன்கள். வைத்துக் கும்பிடலாம், தவறில்லை. பழங்காசு என்று சொல்லி விற்பதுதான் தவறு.

விலையைச் சொல்லுங்கள்... சொன்னதில் நில்லுங்கள்

சேகரிப்பாளர்களை எரிச்சலூட்டும் வாக்கியம் ஒன்று உண்டு. 'விலை தனியாகச் சொல்கிறேன்.' ஆளைப் பார்த்து விலை சொல்லப் போகிறார் என்றுதான் அதற்கு அர்த்தம். விலை, தபால் செலவு இரண்டையும் சேர்த்து வெளிப்படையாகச் சொல்வதே மரியாதை. ஏலம் விடுவதாக இருந்தால், எத்தனை மணிக்கு முடியும், குறைந்தபட்சம் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வாக்கு. 'நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொல்லி, 'சரி' என்று நீங்களும் சொல்லிவிட்டால், அந்தக் காசு அவருடையது. பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் 200 ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்றாலும் கொடுக்கக் கூடாது. 'மன்னிக்கணும் சார், வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டேன்' என்று சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டாவது ஆள்தான் அடுத்த முறை உங்களிடம் நம்பி வருவார்.

வாங்குகிறவர்களுக்கும் கடமை உண்டு. பேரம் பேசலாம், அது நம் ரத்தத்தில் ஊறியது. ஆனால், ஒப்புக்கொள்வதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். பார்சல் கட்டிய பிறகு, 'ஒரு 50 ரூபாய் குறைச்சுக்கோங்க' என்பது அழகல்ல. எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நான்கு நாள் போனை எடுக்காமல் இருப்பது அதைவிட மோசம். மனம் மாறினால் உடனே சொல்லிவிடுங்கள், அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று... ஒருவர் விற்றுக்கொண்டிருக்கும்போது, நாலு பேர் முன்னிலையில் 'இதைவிடக் கம்மியாக நான் தர்றேன்' என்று நடுவில் புகுவது மிகப் பெரிய அநாகரிகம். விலை அதிகம் என்று தோன்றினால் வாங்காமல் நகர்ந்துவிடலாம். போலி என்று தோன்றினால் மட்டும் பேசியாக வேண்டும். அதையும் முதலில் விற்கிறவரிடம் தனியாகச் சொல்வது நல்லது. அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

தெரியாதவரிடம் வாங்கும்போதுதான் பரீட்சை

உண்மையான மரியாதை எங்கே தெரியும் தெரியுமா? கணவர் இறந்து ஆறு மாதம் கழித்து, அவர் சேர்த்த ஆல்பங்களை ஒரு கட்டைப் பையில் போட்டு எடுத்துவந்து, 'இது என்னன்னே எனக்குத் தெரியாதுப்பா... நீயே பார்த்து ஒரு விலை போட்டுக் கொடு' என்று ஒரு அம்மா கேட்கும்போது.

அந்தப் பையில் சாதாரண ஸ்டாம்ப்புகளே நிறைந்திருக்கலாம். நடுவில் 1948-ல் வெளிவந்த காந்தி ஸ்டாம்ப்புகளில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒன்று, பயன்படுத்தப்படாமல் புத்தம் புதிதாக இருக்கலாம். முதல் சுதந்திர தினத்தன்று நான்கு மதிப்புகளில் வந்தவை அவை. அன்றைக்கு 10 ரூபாய் என்பது பெரிய தொகை என்பதால் வாங்கி வைத்தவர்கள் குறைவு. விஷயம் தெரிந்தவருக்கு அந்த ஒன்றே போதும். மொத்தப் பையையும் எடைக்கு வாங்குவதுபோல வாங்கிவிட்டுப் போக சட்டம் தடை சொல்லாது, மனசாட்சிதான் சொல்ல வேண்டும்.

இந்த வட்டத்தில் மதிக்கப்படுகிறவர்கள் செய்வது இதுதான். முக்கியமானவற்றைத் தனியே எடுத்துக்காட்டி, 'இதற்கு நல்ல விலை இருக்கிறது, வேறு இரண்டு பேரிடமும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்' என்பார்கள். தாமே வாங்க விரும்பினால், 'எனக்கும் இதில் லாபம் வேண்டும், அதனால் சந்தை விலையைவிட இவ்வளவு குறைத்துத்தான் என்னால் தர முடியும்' என்று வெளிப்படையாகச் சொல்வார்கள். லாபம் எடுப்பது பாவமில்லை, மறைத்து எடுப்பதுதான் பாவம்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அவசரப்படாதீர்கள். முதலில் வருகிறவர் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொள்ள விடாதீர்கள். மீதி எதற்கும் விலை போகாது. இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, படம் எடுத்து வைத்துக்கொண்டு, குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் சங்கங்கள் இருக்கின்றன. கண்காட்சிகளுக்கு ஒருமுறை போய்வந்தாலே பாதி விவரம் புரிந்துவிடும். பழையது என்பதாலேயே விலை வராது என்பதும் அங்கே புரியும். 1964-ல் வந்த நேரு நினைவு நாணயம், சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம்தான். ஆனால், ஏராளமாக அச்சடிக்கப்பட்டதால் பல வீடுகளில் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளிடம் விற்கும்போது இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். உண்டியல் காசைக் கொண்டுவந்து வாங்குகிற பையனிடம் போலியைத் தள்ளிவிட்டால், ஒரு காசை மட்டுமல்ல, எதிர்கால சேகரிப்பாளர் ஒருவரையே இழந்துவிடுகிறோம்.

பார்சல் கட்டுவதும் ஒரு கலைதான்

காசைக் கவரில் அப்படியே போட்டு அனுப்பினால், தபால் இயந்திரத்தில் கவர் கிழிந்து காசு எங்கேயாவது விழுந்துவிடும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே, அசையாதபடி டேப் போட்டு வையுங்கள். டேப் காசின் மேல் படக் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் பி.வி.சி கலந்தவை உண்டு. அவற்றில் நாள்பட இருந்தால் காசில் பச்சையாகப் பிசுக்கு படியும். ஸ்டாம்ப் என்றால் ஈரம் புகாத உறை, மடங்காத அட்டை. ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம்.

விலை உயர்ந்தவற்றை இன்ஷூர் செய்து அனுப்புங்கள். அனுப்பிய ரசீதைப் படம் எடுத்து, டிராக்கிங் எண்ணோடு அன்றைக்கே அனுப்பிவையுங்கள். பணம் கொடுத்தவரை, 'அனுப்பிட்டீங்களா?' என்று கேட்க வைப்பதே ஒரு குறைதான். வாங்கியவரும் பார்சல் வந்ததும் 'வந்துவிட்டது, நன்றி' என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொண்டால், சொன்னதற்கு மாறாக ஏதாவது இருந்தால் சண்டையில்லாமல் பேச முடியும். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால், திருப்பி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுப்பதுதான் விற்றவருக்குக் கௌரவம்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும்

100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காசு, 1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி தொல்பொருளாகக் கருதப்படும். அத்தகைய பொருட்களை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனிநபர்கள் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 'அமெரிக்காவில் இருக்கும் நண்பர் நல்ல விலை தருகிறார்' என்று கூரியரில் போட்டுவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

அஸ்திவாரம் தோண்டும்போதோ, வயலில் உழும்போதோ புதையலாகக் கிடைத்த காசுகள் வேறு கணக்கு. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படிக் கிடைத்தது என்று தெரிந்தால் வாங்காதீர்கள், விற்கவும் உதவாதீர்கள்.

லட்சம் தருகிறோம் என்றால் லட்சியமே செய்யாதீர்கள்

டிராக்டர் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கும், 786 என்று முடியும் நோட்டுக்கும் லட்சக்கணக்கில் தருவதாக விளம்பரங்கள் வரும். போன் செய்தால், 'முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், பிறகு வரி கட்டுங்கள்' என்று கறப்பார்கள். சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்துகிறார்கள். இத்தகைய வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ வாங்குவதில்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை என்று 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

விற்கிறவர் பணம் பெறத்தான் வேண்டுமே தவிர, கொடுக்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் யு.பி.ஐ பின் நம்பர் போடவோ, கியூ.ஆர் கோடு ஸ்கேன் செய்யவோ தேவையே இல்லை. அப்படிக் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் எண்ணை அழையுங்கள்.

தமிழில் காசுக்கும் 'நாணயம்' என்றுதான் பெயர், நேர்மைக்கும் 'நாணயம்' என்றுதான் பெயர். ஒன்றை விற்று இன்னொன்றையும் சேர்த்து விற்றுவிடாமல் இருந்தால் போதும். தாத்தாவின் டப்பா கைமாறும்போது, அதை அவரைப் போலவே ஆசையாகப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு கைக்குத்தான் அது போய்ச் சேரும்.