ஏர்கன்னில் ஸ்கோப் ஏற்றுவதற்கு முன்னால்

திண்டுக்கல் மாவட்டம் கன்னிவாடிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் "துப்பாக்கிக்கு ஸ்கோப் (தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் குறி காட்டும் குழாய்) போடணும், எந்த ரெயில் வாங்கலாம்?" என்று கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: எதைச் சுட?

பன்றியை என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மக்காச்சோளம் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரே ராத்திரியில் பாத்தி பாத்தியாகச் சாய்த்துவிட்டுப் போகிற பன்றி மீது கோபம் வருவது நியாயம்தான். மேலே மலையில் பன்றிமலை என்றே ஊர் இருக்கிறது. தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி பன்றியும் முயலும் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. கொன்றால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மயிலும் காட்டுமாடும் முதல் அட்டவணை. அங்கே சிறை 3 ஆண்டுக்குக் குறையாது, 7 ஆண்டு வரை போகும்.

"பன்றியைச் சுட அரசே அனுமதி கொடுத்துவிட்டதே?" என்பீர்கள். பாதிதான் உண்மை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது இது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். சுடுகிறவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினர், தோட்டக்காரர் அல்ல. மலையை ஒட்டிய தோட்டங்களுக்கு அந்த மூன்றாவது வட்டம் எட்டவே எட்டாது. சேதத்தைப் படம் எடுத்து, சிட்டா நகலோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுப்பதுதான் வழி.

பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் உண்டே? உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலேயே, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்த லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கத்தான்; விலங்கைச் சுட அல்ல. அதற்கு வன உயிரினச் சட்டப்படி தனி உத்தரவு வேண்டும். அந்தத் துப்பாக்கியில் ஸ்கோப் ஏற்றுவதும் வீண். அதன் குழல் உள்ளே வழவழப்பானது, குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் வரிகள் கிடையாது.

லைசென்ஸோடு .315 ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் ஆலையில் செய்யப்படுவது அது. அதன் உடலில் துளை போட்டு மரை வெட்டித்தான் ரெயில் பதிக்க வேண்டியிருக்கும். "திண்டுக்கல் பூட்டு செய்கிற ஊர், லேத் பட்டறையில் கொடுத்தால் அரை மணி வேலை" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த வேலைக்கு லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதும் மாற்றி அமைப்பதும் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவை மீறுவது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. பழுது பார்க்க உரிமம் உள்ள ஆயுதக் கடையில் மட்டும் கொடுங்கள்.

மிஞ்சுவது ஏர்கன், அட்டையில் குறி பார்த்துச் சுட. 4.5 மில்லிமீட்டர் (.177) குழல், 20 ஜூலுக்கு மேற்படாத விசை என்றால் லைசென்ஸ் தேவையில்லை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பிள்ளை போட்டிக்குத் தயாராகிறதா? அப்படியானால் ஸ்கோப்பே வாங்காதீர்கள். ஒலிம்பிக்கில் இருக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. கடலூரில் பிறந்த வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுவதும் சிறு துளை வழியே பார்த்துத்தான். அந்த அட்டையில் 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் அரை மில்லிமீட்டர்!

சரி, பொழுதுபோக்குக்குத்தான் என்றால் ரெயிலுக்கு வருவோம். ரெயில் என்பது துப்பாக்கி முதுகில் இருக்கும் பட்டை. அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு மேலே ஸ்கோப்பைத் தாங்குவது வளையம். இரண்டும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள்.

பெரும்பாலான ஏர்கன்களில் தனி ரெயில் இருக்காது. முதுகிலேயே இரு பக்கமும் உட்சாய்வாகப் பள்ளம் வெட்டியிருக்கும். இதுதான் டவ்டெயில் (புறா வால் போல மேலே அகன்று கீழே குறுகிய வெட்டு). பெயருக்கு 11 மில்லிமீட்டர். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கும். வெர்னியர் வைத்து அளந்த பிறகே வளையம் வாங்குங்கள். நான் அளக்காமல் வாங்கிய முதல் ஜோடி இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது.

மற்றது பிக்காட்டினி (குறுக்கே பல் பல்லாக வெட்டிய அகலப் பட்டை). அகலம் சுமார் 21 மில்லிமீட்டர். அமெரிக்க ராணுவம் 1995இல் இதற்கு அளவு நிர்ணயித்தது. இதைப் போலவே தெரியும் பழைய வகை வீவர். வீவர் வளையம் பிக்காட்டினியில் உட்காரும். பிக்காட்டினி வளையம் வீவரில் உட்காராமல் போகலாம், ஏனென்றால் வீவரின் குறுக்குப் பள்ளம் குறுகல். டவ்டெயிலின் மேல் பிக்காட்டினி பொருத்தித் தரும் மாற்றுப் பட்டையும் விற்கிறார்கள். வேறு வழியில்லாவிட்டால் மட்டும் வாங்குங்கள். ஒரு இணைப்பு கூடினால், தளர்வதற்கு ஒரு இடம் கூடுகிறது.

ஏர்கன்னில் உதையே இருக்காதே, எதற்கு இவ்வளவு கவனம்? ஸ்பிரிங் ஏர்கன் ஏமாற்றும். ஸ்பிரிங் விடுபடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முன்னால் போய் நிற்கும்போது துப்பாக்கி முன்னால் இழுக்கும். இந்த இரட்டை உதையில் ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும். பெரிய ரைஃபிளில் தாக்குப்பிடித்த ஸ்கோப்கூட இதில் உள்ளே உடைந்து போவதுண்டு. ஆகவே ஏர்கன்னுக்கு என்றே சொல்லி விற்கும் ஸ்கோப்பும், தடுப்பு ஊசி உள்ள வளையமும் வாங்குங்கள். துப்பாக்கி முதுகில் சிறு துளை இருந்தால் ஊசி அதில் இறங்க வேண்டும். அடைத்த காற்றில் இயங்கும் பிசிபி வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

மாட்டும் முன் முதல் வேலை, துப்பாக்கியில் குண்டு இல்லை என்று பார்ப்பது. பிறகு பள்ளத்தில் இருக்கும் எண்ணெயைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். எண்ணெய் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நழுவும்.

வளையத்தின் கீழ்ப்பாதியை ரெயிலில் இறுக்கி, ஸ்கோப்பை வைத்து, மேல்மூடியை லேசாக மட்டும் பூட்டுங்கள். துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கண்ணை மூடி, கன்னம் சுகமாகப் பதிந்ததும் திறந்து பாருங்கள். ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் வட்டம் முழுசாகத் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 8, 9 சென்டிமீட்டர் இடைவெளி வரும்.

அடுத்தது நேர். கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் போதும். துப்பாக்கி முதுகில் ரசமட்டம் வைத்து, துப்பாக்கியைச் சாயாமல் நிறுத்துங்கள். எதிரே தொங்கும் நூலோடு ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு ஒன்றுபடும்வரை ஸ்கோப்பைத் திருப்புங்கள். கோடு சாய்ந்திருந்தால் 10 மீட்டரில் சரியாகப் படும் குண்டு 30 மீட்டரில் பக்கவாட்டில் விலகும்.

இறுக்குவது எப்படி? எதிரெதிர் திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. மூடியின் இரு பக்க இடைவெளியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அல்லன் சாவியின் நீளக் காலை உள்ளே விட்டு, குட்டைக் காலை இரண்டு விரலால் திருப்பினால் போதும். முழுப் பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கும். நசுங்கிய ஸ்கோப்பைச் சரிசெய்ய முடியாது.

குறி சரிசெய்யும்போது எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று. ஸ்கோப் குமிழில் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (கோண அளவு; முழு எம்ஓஏ 100 மீட்டரில் சுமார் 3 சென்டிமீட்டர்) என்று எழுதியிருக்கும். ஆனால் நீங்கள் சுடுவது 10 மீட்டரில். அங்கே ஒரு கிளிக்குக்குக் குண்டு நகர்வது முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு சென்டிமீட்டர் நகர்த்த 14 கிளிக் வேண்டும். நாலு கிளிக் திருப்பிவிட்டு "ஸ்கோப் வேலை செய்யவில்லை" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

அட்டைக்குப் பின்னால் மணல் மூட்டை வையுங்கள். கல், தகரம் வேண்டாம், குண்டு திரும்பி வரும். கடைசியாக, வளையத்தின் பின்விளிம்பை ஒட்டி ரெயிலில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சுடத் தொடங்குங்கள். 50 குண்டு சுட்ட பிறகு பாருங்கள். வளையம் கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்திருந்தால், கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள்.