கோல் அதிகம் விட்டவர் மோசமான காவலரா?

மாணவர்களே, பீடோங் பக்கம் ஒரு தோட்ட அணி, சுங்கைப் பட்டாணியில் ஒரு நகர அணி. இரண்டும் தலா 10 காற்பந்து ஆட்டங்கள் ஆடியதாக வைத்துக்கொள்வோம். தோட்ட அணியின் கோல் காவலர் 15 கோல்கள் விட்டார். நகர அணியின் காவலர் 8 மட்டுமே. மாவட்ட அணிக்கு ஒருவருக்குத்தான் இடம். யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

அவசரப்படாமல் இன்னொரு கணக்கையும் பாருங்கள். தோட்டக் காவலரை நோக்கி வந்த பந்துகள் 60, தடுத்தவை 45. அதாவது 75 விழுக்காடு. நகரக் காவலருக்கு வந்தவை 20, தடுத்தவை 12. அதாவது 60 விழுக்காடு. இப்போது உங்கள் பதில் மாறுகிறதல்லவா?

இதுவும் போதாது. பந்து எங்கிருந்து உதைக்கப்பட்டது? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, 11 மீட்டர் தூரத்தைச் சுமார் 0.4 வினாடியில் கடந்துவிடும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, உடல் அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். பாய்ந்து பிடிக்க மிஞ்சுவது 0.2 வினாடிதான். அதே பந்து 22 மீட்டரிலிருந்து வந்தால் மிஞ்சுவது 0.6 வினாடி. தூரம் இரண்டு மடங்கு. கிடைக்கும் நேரமோ மூன்று மடங்கு! நல்ல தற்காப்பு ஆட்டக்காரர்கள் எதிரணியை அருகில் நெருங்க விடுவதில்லை. தங்கள் காவலருக்கு அவர்கள் சம்பாதித்துத் தருவது இந்த நேரத்தைத்தான்.

அமெரிக்கக் காற்பந்திலும் இதே சிக்கல் உண்டு. பந்தை எறியும் 'குவாட்டர்பேக்' ஆட்டக்காரருக்கு முன்னால் ஐவர் அரணாக நிற்பார்கள். அரண் சரிந்தால், சிறந்த ஆட்டக்காரரும் எறிய நேரமின்றித் தடுமாறுவார்.

நம் நாட்டுக் கோல் காவலர் ஆறுமுகத்தை ரசிகர்கள் 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தார்கள். அவரையே பலவீனமான தற்காப்புக்குப் பின்னால் நிறுத்தினாலும் கோல்கள் கூடத்தான் செய்யும்.

அறிவியல் பாடத்தில் 'கட்டுப்படுத்தப்பட்ட மாறி' என்று படித்திருப்பீர்களே, அது இங்கேதான் உதவுகிறது. ஒரே தூரத்திலிருந்து வந்த பந்துகளை மட்டும் எடுத்து இருவரையும் ஒப்பிட்டால் முடிவு ஓரளவு நியாயமாக இருக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: தற்காப்பு ஆட்டக்காரர்களைக் குரல் கொடுத்து வழிநடத்துவதும் காவலரின் வேலையே. அதனால் எல்லாப் பழியையும் மற்றவர்கள் மீது போட முடியாது.

அடுத்த முறை திடலுக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். வந்த பந்து, அதன் தூரம், தடுத்ததா விட்டதா என மூன்றையும் குறியுங்கள். கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒதுக்கப்பட்ட ஒரு நல்ல காவலர், உங்கள் பட்டியலில் அகப்படலாம்.