டிரைவ்வேயில் குவியும் பனி, இதயத்தில் ஏறும் சுமை

1999 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் இரண்டு வாரங்களுக்குள் ஒரு மீட்டருக்கும் மேல் வெண்பனி கொட்டித் தீர்த்தது. அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே உதவிக்கு அழைத்தார். சாலைப் பனியை அகற்ற நகராட்சி உண்டு. நிலைமை கைமீறினால் ராணுவமும் வரும். ஆனால் வீட்டு கராஜிலிருந்து தெருவரை கார் செல்லும் டிரைவ்வேயை வீட்டுக்காரர்தான் துப்புரவாக்க வேண்டும். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பகுதிகளில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கும் இது குளிர்காலத்து விடியற்காலை வேலை. இந்த வேலையில் இருக்கும் ஆபத்து வெளியே தெரிவதில்லை.

எவ்வளவு எடை?

கடுங்குளிரில் புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் பனி சுமார் 100 கிலோ இருக்கும். சில நேரம் அதற்கும் குறைவு. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது விழும் ஈரப்பனி அப்படியல்ல. அது ஒரு கன மீட்டருக்கு 250 கிலோவைத் தாண்டும்.

10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள டிரைவ்வேயில் 25 சென்டிமீட்டர் பனி விழுந்தால் அது 15 கன மீட்டர். உலர்பனி என்றால் 1.5 டன். ஈரப்பனி என்றால் ஏறக்குறைய 3.75 டன், அதாவது 25 கிலோ அரிசி மூட்டைகள் 150. காலையில் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், ஒரு மனிதர் இவ்வளவையும் ஷவலால் அள்ளி ஓரத்தில் வீசுகிறார்.

பனி ஏன் இறுகுகிறது?

அள்ளாமல் விட்ட பனி நேரம் ஆக ஆகக் கெட்டிப்படும். பனித்துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் நீர் மூலக்கூறுகள் மெல்ல நகர்ந்து சேர்ந்து, துகள்களைப் பிணைத்துவிடுகின்றன. இதற்குப் பனி உருகி மறுபடி உறைய வேண்டும் என்பதில்லை. பூஜ்யத்துக்குக் கீழேயும் இது நடக்கும்.

தெருவைத் துப்புரவாக்கும் வண்டி டிரைவ்வேயின் வாயிலில் ஒதுக்கிவிட்டுப் போகும் பனிமேடு கல்போல் ஆவதும் இதனால்தான். வண்டியின் தகடு துகள்களை நொறுக்கி நெருக்குகிறது. துகள் சிறுத்தால் தொடும் இடங்கள் பெருகும். பிணைப்பும் விரைவாக வலுக்கும். காலடியும் கார்ச் சக்கரமும் இதையே செய்கின்றன. எனவே காரை எடுப்பதற்கு முன்பே பனியைத் தள்ளிவிட வேண்டும். முழுப்பொழிவும் நிற்கட்டும் என்று காத்திராமல், பத்து சென்டிமீட்டர் சேர்ந்ததும் ஒரு சுற்று தள்ளுவது நல்லது.

மாரடைப்பு எப்படி வருகிறது?

குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது. கைகள் கடுமையாக உழைக்க, கால்கள் அசையாமல் நிற்பதால் இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறைகிறது. பாரத்தைத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் அழுத்தம் மேலும் எகிறும். இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படும் அதே நேரத்தில், அதைக் கொண்டுவரும் குழாய்கள் குறுகிவிடுகின்றன.

மிச்சிகனில் உடற்பயிற்சிப் பழக்கமில்லாத, ஆனால் ஆரோக்கியமான பத்து இளைஞர்களைப் பனி அள்ளச் செய்து பார்த்த ஆய்வு 1995இல் வெளியானது. இரண்டே நிமிடங்களில் அவர்களின் இதயத்துடிப்பு உச்ச அளவில் 85 சதவீதத்தைத் தாண்டியது. கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தவர்கள், 20 சென்டிமீட்டர் பனி பெய்த மறுநாள், பனியில்லாத நாளைவிட ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். பனி அள்ளும் வேலையே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

தெற்காசியர்களுக்கு இதயநோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது. நீரிழிவும் நம்மிடையே அதிகம். ஆகவே தமிழர்கள் இந்த எண்களை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

எப்படி அள்ளுவது?

வீட்டுக்குள்ளேயே சில நிமிடங்கள் நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பனியைத் தூக்காமல் தள்ளுங்கள். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் பாதி ஷவல் போதும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள், இடுப்பைத் திருகாமல் முழு உடலோடு திரும்புங்கள். ஆழமான பனியை அடுக்கடுக்காக எடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே இறங்க வேண்டாம்.

1925இல் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்ட் உருவாக்கிய பனி வீசும் இயந்திரம் இன்று கைவண்டி அளவிலும் கிடைக்கிறது. அதில் பனி அடைத்துக்கொண்டால் எஞ்சினை அணைத்து, குச்சியால்தான் எடுக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே தேங்கியிருக்கும் விசை தகட்டைச் சுழற்றி விரல்களைத் துண்டித்துவிடும். பெட்ரோல் இயந்திரத்தை கராஜுக்குள் ஓடவிடவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு கொல்லும்.

உப்பு, பனியை அள்ளிய பிறகு தரையில் எஞ்சும் மெல்லிய படலத்துக்கு மட்டுமே. ஏறக்குறைய மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. அப்போது வழுக்காமலிருக்க மணல் தூவலாம். கொட்டிய உப்பின் குளோரைடு சிதைவதே இல்லை. ஓடைகளையும் நிலத்தடி நீரையும் சேர்ந்து மீன்களைப் பாதிக்கிறது. கைப்பிடி அளவோடு நிறுத்துவது நீருக்கு நாம் செய்யும் கடமை.

நெஞ்சில் அழுத்தம், தோளிலோ தாடையிலோ பரவும் வலி, மூச்சுத்திணறல், குளிர்வியர்வை, இவற்றில் எது தோன்றினாலும் ஷவலைப் போட்டுவிட்டு 911ஐ அழையுங்கள். இதயநோய் உள்ளவர்களும் உயர் ரத்த அழுத்தம் உள்ள முதியவர்களும் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பக்கத்து வீட்டு ஐயா தனியாகப் பனி தள்ளிக்கொண்டிருந்தால், இளையவர்களே, நீங்கள் போய் அந்த ஷவலை வாங்கிக்கொள்ளுங்கள்.